மதிலுக்கு இந்தப் பக்கம்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் வருகிற சகோதரிகளுக்கு இந்தக் காட்சி பழக்கமாகியிருக்கும். கவரைப்பேட்டை, காரனோடை, செங்குன்றம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்தவர்கள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். புழல் வந்ததும், யாராவது ஒரு தாயார் தன் மடியிலிருக்கும் வாண்டுப் பயலிடம், "அதோ பார், ஜெயில்! விஷமம் பண்ணினாயோ, அங்கேதான் பிடித்துப் போட்டுவிடுவார்கள்" என்பாள். வாண்டு இரண்டு ஸ்டாப்பிங் வரையில் கப்சிப். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்!

சிறைச்சாலையைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள ஞானம், அந்த வாண்டுப் பயலின் ஞானத்தைவிட அதிகமானதல்ல. உயரமான மதில், உள்ளே கெட்டவர்கள், வெளியே நல்லவர்களாகிய நாம். அவ்வளவுதான். ஆனால் நேயர்களே, மதிலுக்கும் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தில் பெரிய எழுத்தில் இருப்பவை ஆண்பிள்ளைகளின் பெயர்கள். பெண்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. இந்த வாரம் அந்தச் சிறிய எழுத்தைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமா?

புழல் சிறை வயதில் இளையது. திருவள்ளூர் மாவட்டத்து எல்லைக்குள் கட்டப்பட்டு, இப்போது சென்னையோடு சேர்ந்துவிட்ட அந்த இடத்துக்கு 2006-ஆம் வருஷத்தில்தான் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் அவர்கள் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே, 1837-இல் கட்டிய சென்னை மத்திய சிறையில். சுபாஷ் சந்திர போஸ் 1932-இல் இருந்த சிறை. அறிஞர் அண்ணா இருந்த சிறை. 2009-இல் அதை இடிப்பதற்கு முன்னால் சில நாள் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். குற்றம் எதுவும் செய்யாமலே ஜெயிலுக்குள் போய்வரலாமென்றால் நம்மவர்கள் விடுவார்களா? கூட்டமென்றால் அப்படிக் கூட்டம்! இன்று அந்த இடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடம் நிற்கிறது.

ஆனால் அதைவிட மூத்த சிறை ஒன்று இன்னும் இடிபடாமல், ஓய்வு பெறாமல், வேலை செய்துகொண்டிருக்கிறது. அதுதான் வேலூர் மத்திய சிறை.

திருவள்ளூர் ஸ்டேஷனில் மேற்கே போகும் ரெயிலில் ஏறினால் அரக்கோணம், வாலாஜா ரோடு, அப்புறம் காட்பாடி. அங்கே இறங்கினால் வேலூர். அந்த ஊரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு: தெய்வமில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, அழகில்லாத பெண்கள். கடைசி அயிட்டத்தைச் சேர்த்தவன் நிச்சயமாக ஓர் ஆண்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லியனுப்பிய கோபம்! முதல் அயிட்டமும் 1981-ஆம் வருஷத்தோடு பொய்யாகிவிட்டது. அந்த ஆண்டு ஜலகண்டேசுவரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

வசனம் எழுதியவன் மறந்துபோன ஐந்தாவது அயிட்டம்தான் சிறைச்சாலை. ஆஸ்பத்திரிக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் வருகிறவர்களில் அதை நினைப்பவர்கள் குறைவு. கோட்டையும் சிறையும் ஒன்றென்று எண்ணுகிறவர்களும் உண்டு. கோட்டை வேறு. திப்பு சுல்தானின் குடும்பத்தாரைக் காவலில் வைத்ததும், 1806-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் கோட்டையில். சிறை இருப்பது தொரப்பாடியில். அதை அமைத்தது 1830-ஆம் ஆண்டில். அப்போது விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வரவில்லை. கும்பினியார்தான் ராஜ்யம் ஆண்டார்கள். ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடுக்கு முதல் ரெயில் ஓடியது 1856-இல். ஆக, நம் திருவள்ளூர் ரெயிலுக்கே இந்தச் சிறை 26 வருஷம் மூத்தது!

பெரிய எழுத்தில் உள்ள பெயர்களை முதலில் பார்த்துவிடுவோம்.

1921 டிசம்பரில் ராஜாஜி இங்கே வந்து சேர்ந்தார். ஒத்துழையாமை இயக்கத்துக்காக மூன்று மாதத் தண்டனை. உள்ளே உட்கார்ந்து ஒரு நாட்குறிப்பு எழுதினார். சுயராஜ்யம் வந்தவுடனே நல்லாட்சியும் சந்தோஷமும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. சுதந்திரம் வருவதற்கு 25 வருஷத்துக்கு முன்பே, ஜெயிலுக்குள்ளிருந்து ஒரு மனிதர் அவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார்!

1940-இல் காமராஜர் வந்தார். அவர் வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரசபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையானதும் ஊருக்குப் போய் ஒரே ஒரு கூட்டத்துக்குத் தலைமை வகித்துவிட்டு ராஜிநாமாச் செய்தார். முழு நேரம் கொடுக்க முடியாத பதவி தமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. 1941-இல் கேரளத்துத் தலைவர் ஏ. கே. கோபாலன் இதே சிறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு தப்பிப் போனார்.

காமராஜர் தம் வாழ்நாளில் பல சிறைகளில் கழித்த காலம் ஏறக்குறைய ஒன்பது வருஷம் என்பார்கள். அந்த ஒன்பது வருஷத்தையும் விருதுநகரில் ஒரு சிறிய வீட்டின் வாசற்படியில் இன்னொருவரும் கழித்தார். அவர் பெயர் சிவகாமி அம்மையார். தண்டனை மகனுக்கு, காத்திருப்பு தாயாருக்கு. சிறைக் கணக்கில் பின்னதைக் குறிக்கப் பத்தி கிடையாது.

இனிச் சிறிய எழுத்துக்கு வருவோம்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் சென்னை மாகாணத்துப் பெண்கள் பலருக்கு வேலூர்ச் சிறைதான் புகுந்த வீடாயிற்று. 1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் போன ஸ்ரீமதி ருக்மிணி லக்ஷ்மிபதி, உப்புக்காகச் சிறை சென்ற முதல் பெண்மணி என்று பெயர் பெற்றார். வேலூரிலே தண்டனை. பிற்காலத்தில் அவரே மாகாணத்தின் சுகாதார மந்திரியானார். 1932-இல் அந்நியத் துணி பகிஷ்காரத்துக்காக வந்தவர் ஸ்ரீமதி அம்புஜம்மாள். பெரிய வக்கீலாகிய எஸ். ஸ்ரீனிவாச ஐயங்காரின் குமாரி. வைரமும் பட்டும் பார்த்து வளர்ந்தவர். கதரைக் கட்டிக்கொண்டு ஜெயில் வாசலுக்கு நடந்தார்.

இதே சிறைக்கு ஒரு தொடர்கதை ஆசிரியையும் வந்தார். "ஜகன்மோகினி" நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள்தான் அவர். இளம் வயதில் மணமாகி, எழுதத் தெரியாத நிலையில் முதல் நாடகத்தைச் சிநேகிதியிடம் சொல்லி எழுதச் செய்து, பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதித் தள்ளியவர். வாரா வாரம் "தொடரும்" என்ற சொல்லைக் கண்டு பெருமூச்சு விடுகிற நம் நேயர்களுக்கு அவர் மூத்த உறவு. அவரைச் சிறையில் அடைத்ததால் கதை நின்றுவிடவில்லை. உள்ளேயும் எழுதினார். கூட இருந்த பெண்களின் கதைகளைக் கேட்டுக்கொண்டார். கதாசிரியைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒன்று கவனிக்க வேண்டும். 1930 முதல் சிறையில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள் வைத்திருந்தார்கள். படித்தவர்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் உயர்ந்த வகுப்பு; ஏழை எளியவர்களுக்குக் கடைசி வகுப்பு. தேசத்துக்காக வந்தவர்கள் என்று பார்த்தால் எல்லோரும் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டு ஒன்றல்ல. ரெயில் வண்டியில் வகுப்பு வைத்தவர்கள் ஜெயிலில் வைக்காமல் விடுவார்களா?

வேலூரிலும் மதுரையிலும் சிறையிருந்த ஆந்திரத்துத் துர்காபாய் அம்மையார் வேறொன்றையும் கவனித்தார். கொலைக் குற்றம் என்றும் வேறு குற்றம் என்றும் உள்ளே அடைபட்டிருந்த ஏழைப் பெண்கள் பலருக்கு, தங்கள் மேல் என்ன வழக்கு, எப்படித் தண்டனை வந்தது என்பதுகூடத் தெரியவில்லை. அவர்களுக்காகப் பேச ஆளில்லை. அம்மையார் விடுதலையானதும் விட்ட படிப்பைப் பிடித்துக்கொண்டார். சட்டம் படித்தார். வக்கீலானார். இந்திய அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். 1953-இல் மத்திய சமூக நல வாரியத்துக்கு முதல் தலைவரானார்.

இவர்கள் எல்லோரையும்விட என் மனசில் அதிகமாகத் தங்கியிருப்பவர் கடலூர் அஞ்சலை அம்மாள். பெரிய படிப்பில்லை, பெரிய வீடில்லை. 1927-இல் சென்னையில் நீல் துரையின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்துக்குத் தம் சிறு பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தவர். முப்பதுகளின் தொடக்கத்தில் அவரை வேலூர்ச் சிறைக்கு அனுப்பியபோது அவர் கர்ப்பிணி. மாதம் நெருங்கியதும் சர்க்காருக்குப் பயம் வந்துவிட்டது. பிரசவத்துக்காகப் பரோலில் வெளியே விட்டார்கள். ஆண் குழந்தை பிறந்தது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் எழுந்திருக்க விடுவோமா? காயம், பத்தியம், வெந்நீர் என்று எத்தனை உபசாரம்! அஞ்சலை அம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாக்கித் தண்டனையை அனுபவிக்கச் சிறைக்கே திரும்பிப் போனார். பையனுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ஜெயில் வீரன்! பிற்காலத்தில் அது ஜெயவீரன் என்று மாறியது. அந்த அம்மாள் பின்னால் சட்டசபைக்கும் போனார்.

இதெல்லாம் பழைய கதை. சுதந்திரம் வந்தது. வேலூர் மதில் அப்படியே இருந்தது. ஆண்கள் சிறைக்குப் பக்கத்திலே பெண்களுக்குத் தனிச்சிறை இருக்கிறது. தென்னாட்டுச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கலாசாலையும் 1979 முதல் வேலூரில்தான். உள்ளே கைதிகளுக்குத் தொழில் உண்டு. அதற்குக் கூலியும் உண்டு. புழலிலோ 2023-ஆம் ஆண்டு முதல் பெண் கைதிகளே பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள்.

ஆனால் மதிலின் உள்பக்கம் மட்டும் சிறையல்ல. வெளிப்பக்கத்திலும் ஒரு சிறை உண்டு. அதற்குச் சுவர் கிடையாது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கைதியைப் பார்க்கப் போவதை நம் ஜனங்கள் "மனுப் பார்ப்பது" என்கிறார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாளக் கார்டு காட்ட வேண்டும். முறை வருகிற வரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் ஒரு துணிப்பை, இடுப்பில் ஒரு குழந்தை. கூப்பிட்டதும் ஓட வேண்டும். சில நிமிஷப் பேச்சு. "சாப்பிட்டாயா?" "வக்கீல் என்ன சொன்னார்?" "பாப்பா பள்ளிக்கூடம் போகிறாளா?" அதற்குள் நேரம் முடிந்துவிடும். அதற்காக ஒரு நாள் கூலி போயிருக்கும்.

இந்த வாசலில் நின்றவர்களில் நாடறிந்தவர் ஜோலார்ப்பேட்டை அற்புதம் அம்மாள். 1991 மே 21-ஆம் தேதி, நம் திருவள்ளூருக்கு வெகு தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் வேறு பலரையும் குண்டு வைத்துக் கொன்றார்கள். மாண்டவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள், மனைவிமார் இருந்தார்கள். அவர்களுடைய துக்கத்தை எந்தத் தீர்ப்பும் ஆற்றிவிடாது. அந்த வழக்கில் அற்புதம் அம்மாளின் மகன் பேரறிவாளனைப் பிடித்தபோது அவருக்கு வயது 19. தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2011 செப்டம்பர் 9-ஆம் தேதி வேலூர்ச் சிறையில் தூக்கு என்று நாளும் குறித்துவிட்டார்கள். பத்து நாளைக்கு முன்னால், ஆகஸ்டு 30-ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2013-இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அதில் ஒரு முக்கியமான பகுதியை எழுதாமல் விட்டதாகச் சொன்னார். 2014-இல் தூக்கு ஆயுளாயிற்று. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

கணக்குப் பண்ணிப் பாருங்கள், சகோதரிகளே: 31 வருஷம்! கறுத்த தலையோடு வாசலுக்குப் போன தாயார் நரைத்த தலையோடு மகனை வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்த வழக்கைப் பற்றி நாட்டில் இரண்டு அபிப்பிராயம் உண்டு, நேயர்களுக்குள்ளும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாயாரின் கால்களைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

இன்னொரு தாயாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல், வேலூர்ச் சிறையிலிருந்த ஓர் ஆயுள் கைதியின் தாயார் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். சிறை அதிகாரி ஒருவரின் வீட்டு வேலைக்குத் தம் மகனை அனுப்பினார்கள் என்றும், பணம் காணவில்லை என்று சொல்லி அவனை அடித்துச் சித்திரவதை செய்தார்கள் என்றும் புகார். நீதிமன்றம் விசாரிக்க உத்தரவிட்டது, சி.பி.சி.ஐ.டி. போலீசார் அதிகாரிகள் மீதே வழக்குப் பதிவு செய்தார்கள். மகன் செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு. ஆனால் தண்டனை என்பது உள்ளே இருப்பதுதான், அடிபடுவதல்ல. இதைச் சட்டம் தெரிந்த பெரிய மனிதர்கள் சொல்வதற்கு முன்னால், ஒரு தாயாரின் மனு சொன்னது.

இப்போது ஒரு புள்ளிவிவரம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள். ஜாமீன் கேட்கத் தெரியாமலும், ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடைக்காமலும், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாமலும் உள்ளே இருப்பவர்கள் அவர்களில் ஏராளம். துர்காபாய் அம்மையார் அன்று மதுரையில் பார்த்த பெண்களின் பேத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகையால் ஒரு சமாசாரத்தை நேயர்கள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, எந்தப் பெண்ணுக்கும், அவள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். சிறையில் இருக்கிற எவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், அந்த உரிமை உண்டு. மாவட்டக் கோர்ட்டிலேயே அதற்கு ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். முதல் முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை ஜாமீனில் விட வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டம் சொல்கிறது. தூக்குக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. மற்றவர்கள் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு ஆள் வெளியேதான் இருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அதே 2022-ஆம் ஆண்டுக் கணக்கில், தாயாரோடு சிறையில் இருந்த குழந்தைகள் 1,700-க்கு மேல். 2006-இல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்காக விஸ்தாரமான விதிகளை வகுத்தது. ஆறு வயது வரையில் குழந்தை தாயோடு இருக்கலாம். அதற்குத் தனி உணவு, மருத்துவம், பாலர் பள்ளி எல்லாம் கொடுக்க வேண்டும். கூடிய வரையில் பிரசவம் சிறைக்கு வெளியே ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். சிறைக்குள்ளே பிறந்துவிட்டாலும், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறை என்று எழுதக் கூடாது.

அஞ்சலை அம்மாள் தம் பிள்ளையின் பெயரிலேயே "ஜெயில்" என்ற சொல்லைப் பெருமையாக வைத்தார். இன்றைய தாயாருக்கு அந்தச் சொல் தன் குழந்தையின் காகிதத்தில் வராமல் இருக்கக் கோர்ட்டு உத்தரவு வேண்டியிருக்கிறது. அன்று ஜெயிலுக்குப் போவது கௌரவம். ஊரே திரண்டு வந்து மாலை போட்டது. இன்று மாலை போட யாரும் வர வேண்டாம். அந்தக் குழந்தையைப் பார்த்து விரலை நீட்டாமல் இருந்தால் போதும்.

சிறைவாசம் ஒருவருக்குத்தான் விதிக்கப்படுகிறது. ஆனால் வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது அவர் மனைவியிடம். "உன் அப்பா எங்கேடா?" என்று கேலி செய்வது அவர் பையனிடம். குழாயடியில் அவள் வந்தவுடன் பேச்சு நின்றுபோகிறது. கல்யாணத்துக்கு அவளுக்கு மட்டும் பத்திரிகை வருவதில்லை. இந்தத் தண்டனைகளை எந்த நீதிபதியும் விதிக்கவில்லை. விதித்தது நாம்தான்.

உங்கள் தெருவிலும் ஒருத்தி இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கையில் துணிப்பையோடு, யாரும் பார்ப்பதற்கு முன்னால் புழலுக்கோ வேலூருக்கோ பஸ் ஏறுகிறவள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்க வேண்டாம். அவள் குழந்தை அதுவரையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உங்கள் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கட்டும். அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். கொடுக்கும்போது, அந்த 15100 என்ற எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.